ஒலிநாடாவுக்கு ஓர் உரைகல்

எழுத்து மனிதனின் கருத்தைக் காத்தது. ஓவியம் அவன் உருவத்தைக் காத்தது. அவன் குரலைக் காக்கும் வழி மட்டும் நெடுங்காலம் புலப்படாமலே இருந்தது. 1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் ஒலிவரைவியை உருவாக்கிய பின்னரே, பேசியவர் மறைந்தாலும் பேச்சு மறையாது நிற்கும் நிலை தோன்றிற்று. 1898இல் டென்மார்க் நாட்டு வால்டெமார் பௌல்சன் எஃகுக் கம்பியில் காந்த ஆற்றலால் ஒலியைப் பதிந்து காட்டினார். 1928இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஃபுளொய்மர் தாள் நாடாவின் மீது இரும்புத் துகளைப் பூசி, நாடாப் பதிவுக்கு வித்திட்டார். 1935இல் பெர்லின் கண்காட்சியில் ‘மேக்னெட்டோஃபோன்’ என்னும் நாடாப் பதிவுக் கருவி பொதுமக்கள் முன் வைக்கப்பெற்றது. இவ்வளவு வளர்ச்சிக்குப் பிறகும் நாடாப் பதிவு வானொலி நிலையங்களுக்கும் செல்வர்களுக்குமே உரியதாக இருந்தது. அதனை எளியோர் கைக்குக் கொண்டு வந்தது ஒலிப்பேழை எனப்படும் கேசட்டேயாகும்.

அவ்வொலிப்பேழை பரவிய விரைவிலேயே அதன் போலியும் பரவிற்று. பொன் வாங்குவோர்க்கு உரைகல் இருந்தது. பேழை வாங்கியோர்க்கு அத்தகைய கல் ஒன்றும் இல்லை. இன்று பேழையின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எனினும் எத்தனையோ இல்லங்களின் அலமாரிகளில் மறைந்தோரின் குரல்கள் அப்பேழைகளுக்குள் உறங்குகின்றன. அவற்றுள் எது மெய், எது போலி என்று அறிவது, எந்தக் குரலை முதலில் காக்க வேண்டும் என்று அறிவதாகும். அவ்வறிவுக்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேழையின் பிறப்பும் பரவலும்

ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் லூ ஆட்டன்ஸ் என்பவரின் தலைமையில், பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் உருவானது இப்பேழை. 1963ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது வெளியிடப்பெற்றது. பிலிப்ஸ் தன் வடிவமைப்பைப் பிற நிறுவனங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்த இசைந்ததால், உலகெங்கும் ஒரே அளவிலான பேழை நிலைபெற்றது. எந்த நாட்டில் செய்த பேழையும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும் என்னும் அந்தப் பொதுமையே அதன் வெற்றிக்குக் காரணம். போலி செய்வோர்க்கு வாய்ப்பளித்ததும் அதுவே. ஓடும் என்பதற்கும் நன்றாக ஓடும் என்பதற்கும் உள்ள வேறுபாடு, வாங்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழகத்தில் 1980களிலும் 1990களிலும் வெற்றுப் பேழைக்கு இருந்த தேவை பெரிது. விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர்கள் சிற்றூர்களிலும் இருந்தன. நாகூர் இ.எம். அனிபாவின் பாடல்களும், திரைப்பாடல்களும், பட்டிமன்றப் பேச்சுகளும், திருமண நிகழ்ச்சிகளும் அவற்றில் பதிவாயின. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பணிபுரிந்தோர் இல்லத்தார்க்குக் கடிதத்துக்கு மாற்றாகக் குரலையே பதிந்தனுப்பினர். எழுதப் படிக்க அறியாத தாய்க்கு மகன் பேசிய பேழையே கடிதமாயிற்று. அதன் மறுபக்கத்தில் தாய் பேசிய விடையே மகனுக்கு ஊராயிற்று. ஊர் திரும்புவோரின் பெட்டிகளில் டிடிகே, சோனி, மாக்ஸெல் பேழைகள் தவறாது இடம்பெற்றன. சென்னைப் பர்மா பஜார் போன்ற வெளிநாட்டுப் பொருள் அங்காடிகளில் அப்பெயர்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. மதிப்புள்ள பெயர் எங்குண்டோ, அங்கு அப்பெயரைத் திருடுவோரும் உளர்.

போலி என்பது யாது?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். ஒருவர் பாடலை அவர் இசைவின்றிப் படியெடுத்து விற்பது ஒரு குற்றம். ஒரு நிறுவனத்தின் பெயரைப் பொறித்து வேறொருவர் செய்த வெற்றுப் பேழையை விற்பது மற்றொரு குற்றம். முன்னது பதிப்புரிமையைப் பற்றியது. பின்னது வணிகக் குறியைப் பற்றியது. மெய்யான பேழையிலும் திருட்டுப் பாடல் இருக்கலாம். போலிப் பேழையிலும் நேர்மையான பதிவு இருக்கலாம். இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியதே. இந்தியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் இது குற்றமாக இருந்தது. 2003இல் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம், போலிக் குறியிடுவோர்க்கும் அத்தகைய பொருளை விற்போர்க்கும் ஆறு திங்களுக்குக் குறையாத, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது.

போலிப் பேழைகளை நான்கு வகையாகப் பகுக்கலாம். புகழ்பெற்ற பெயரை அப்படியே பொறித்து, உள்ளே மலிவான நாடாவை அடைத்தது பெயர்ப் போலி. பெயரில் ஓரெழுத்தை மாற்றியோ எழுத்துகளை இடம் மாற்றியோ வண்ணத்தையும் வடிவத்தையும் மட்டும் ஒத்திருப்பது சாயற் போலி. சாதாரண நாடாவுக்கு உயர்தர நாடாவின் முகத்தாளை ஒட்டியது தரப் போலி. முன்னரே பதிந்த பேழையை அழித்துப் புதிய உறையிட்டு விற்பது புதுமைப் போலி. இந்நான்கனுள் முதலாவதே மிகுதியாக விற்பனையானது; நான்காவது இன்றும் நிகழக்கூடியது.

இவை உருவாகும் முறையை அறிந்தால் கண்டறியும் வழியும் விளங்கும். நாடா முதலில் பாய்போல் அகன்ற பிளாஸ்டிக் படலமாகப் பூச்சிடப்பெற்று, பின் மெல்லிய கீற்றுகளாக அறுக்கப்படுகிறது. பூச்சு சமனில்லாத பகுதிகளைத் தரமான நிறுவனங்கள் கழித்துவிடும். நாடா அடைக்காத வெற்றுக் கூடுகள் தனியே விலைக்குக் கிடைக்கும். அச்சகத்தில் முகத்தாள் அடிக்கலாம். மலிவு நாடா, மலிவுக் கூடு, அச்சடித்த தாள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு போலி பிறந்துவிடுகிறது. ஆகவே அம்மூன்றையும் தனித்தனியே ஆராய்வதே தேர்வின் முறையாகும்.

மெய்யான நாடாவின் இலக்கணம்

மெய்யின் இலக்கணம் அறியாதார்க்குப் போலியின் பிழை தெரியாது. பேழை நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சி-60 என்பது இரு பக்கமும் சேர்ந்து 60 நிமிடம், அதாவது பக்கத்துக்கு 30 நிமிடம். 1,800 நொடியை 4.76 சென்டிமீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 86 மீட்டர் கிடைக்கும். எனவே சி-60 பேழைக்குள் 86 மீட்டருக்குக் குறையாத நாடா இருந்தாக வேண்டும். இவ்வாறே சி-90 பேழைக்கு ஏறத்தாழ 129 மீட்டர் வேண்டும். நல்ல நிறுவனங்கள் இதற்குச் சற்று மிகுதியாகவே வைத்தன, குறைத்து வைப்பதில்லை.

ஒரே அளவான கூட்டுக்குள் மிகுந்த நாடாவை அடைக்க வேண்டுமானால் நாடா மெலிதாக இருத்தல் வேண்டும். சி-60 நாடாவின் தடிப்பு ஏறத்தாழ 18 மைக்ரான். சி-90 நாடா 12 மைக்ரான். சி-120 நாடா 9 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெலிந்த நாடா எளிதில் நீளும், சுருங்கும், கருவிக்குள் சிக்கும். சி-120 பேழையைப் பயன்படுத்த வேண்டாமெனக் கருவி செய்தோர் பலர் அறிவுறுத்தியதன் காரணம் இதுவே.

அடுத்தது பூச்சு. சாதாரண வகையில் இரும்பு ஆக்சைடு பூசப்படும். இது முதல் வகை. இரண்டாம் வகை குரோமியம் டை ஆக்சைடு அல்லது கோபால்ட் சேர்ந்த இரும்பு ஆக்சைடு பூசப்பெற்றது; 1975இல் டிடிகே வெளியிட்ட எஸ்.ஏ. நாடா கோபால்ட் சேர்ந்த வகையினது. மூன்றாம் வகையான ஃபெர்ரிகுரோம் விரைவில் வழக்கொழிந்தது. நான்காம் வகை ஆக்சைடு அல்லாத உலோகத் துகள் பூசியது. இவற்றைக் கருவி தானாக அறிந்துகொள்ளப் பேழையின் மேல்விளிம்பில் அடையாளக் குழிகள் உண்டு. பதிவை அழியாது காக்க உடைத்தெடுக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இரு ஓரங்களிலும் எல்லா வகையிலும் இருக்கும். அவற்றை அடுத்து மேலும் இரு குழிகள் இருப்பின் இரண்டாம் வகை. அவற்றோடு விளிம்பின் நடுவிலும் இரு குழிகள் இருப்பின் நான்காம் வகை.

புறத்தேர்வு

பேழையைத் திறவாமலே செய்யக்கூடிய தேர்வுகள் இவை.

முதலில் அச்சைக் காண்க. பெரிய நிறுவனங்கள் முகத்தாளை உயர்தர அச்சகங்களில் இலட்சக்கணக்கில் அச்சிட்டன. எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் பொருந்தும். போலியில் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும்; ஒரு வண்ணம் சற்று நகர்ந்து நிழல்போல் தெரியும். மெய்ப் பேழையின் முகத்தாளைப் படமெடுத்து மறு அச்சிடுவதால் நேரும் விளைவு இது. சிறிய எழுத்துகளிலேயே இக்குறை மிகுதியாக வெளிப்படும். ஆகவே பெரிதாகப் பொறித்த பெயரை விட்டுவிட்டு, முகத்தாளின் அடியில் உள்ள பொடி எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்தல் வேண்டும். ஆங்கிலச் சொற்களில் எழுத்துப் பிழை இருப்பின் ஐயத்துக்கு இடமேயில்லை.

அடுத்து மடிப்பைக் காண்க. முகத்தாள் பெட்டிக்குள் தளர்ச்சியின்றி அமரும்படி இயந்திரத்தால் மடிக்கப்பெற்றிருத்தல் வேண்டும். மடிப்புக் கோடு கோணியிருப்பதும், முதுகுப் பெயர் நடுவில் அமையாமல் மேலோ கீழோ ஒதுங்கியிருப்பதும் கைவேலையின் அடையாளங்கள். மேலுறையின் ஓரங்கள் இயந்திரத்தால் சமமாக ஒட்டப்பெற்றிருக்கும். கையால் சூடேற்றி ஒட்டிய உறையில் சுருக்கமும் உருகல் தழும்பும் தெரியும்.

மூன்றாவதாக, பேழையின் உடலைக் காண்க. இரு பாதிகளும் சேரும் கோடு முழுவதும் சமமாக இருத்தல் வேண்டும். நகத்தை அக்கோட்டின் மீது ஓட்டினால் தட்டுப்படக் கூடாது. வார்ப்பில் எஞ்சிய பிசிறுகளும், சாளரத்தின் கலங்கலும், ஒரு பாதி மற்றதினும் சற்றே நிறம் வேறுபடுதலும் மலிவான அச்சு வார்ப்பின் அடையாளங்கள். மெல்லக் குலுக்கினால் நாடாச் சக்கரங்கள் அளவாக ஒலிக்கும். கலகலவென மிகுதியாக ஒலிப்பது உள்ளே அளவுப் பொருத்தம் இன்மையைக் காட்டும்.

நான்காவதாக, குழிகளை முகத்தாளோடு ஒப்பிடுக. தாளில் குரோம் என்றும் உடலில் சாதாரண வகைக் குழியமைப்பும் இருந்தால் அது தரப் போலியாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் அடையாளக் குழிகள் வழக்கில் நிலைபெறுவதற்கு முற்பட்ட பழம்பேழைகளை இவ்விதியால் மட்டும் தள்ளிவிடலாகாது.

ஐந்தாவதாக, சாளரத்தின் வழியே நாடாச் சுருளின் பருமனைக் காண்க. பலரும் கருதாத தேர்வு இது. ஆனால் கணக்கின் உறுதி உடையது. சி-60 பேழையில் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா 18 மைக்ரான் தடிப்பில் உள்ளது. சி-90 பேழையில் ஏறத்தாழ 130 மீட்டர் 12 மைக்ரான் தடிப்பில் உள்ளது. நீளத்தையும் தடிப்பையும் பெருக்கினால் இரண்டும் ஏறக்குறைய சமம். எனவே இரண்டிலும் முழுச்சுருளின் பருமனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மையத்திலிருந்து சுருளின் விளிம்பு வரை ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். சி-60 என்று பெயரிட்ட பேழைக்குள் 12 மைக்ரான் நாடாவை அடைத்திருந்தால் சுருளின் ஆரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் குறையும். நாடாவின் நீளத்தையே குறைத்திருந்தாலும் சுருள் இவ்வாறு மெலிந்தே தோன்றும். சில மெய்ப் பேழைகளில் நடுச்சக்கரமே பெரிதாக அமைந்திருக்கும் என்பதையும் கருத்தில் கொண்டு ஒப்பிடுதல் வேண்டும்.

அகத்தேர்வு

திருகாணியிட்ட பேழையாயின் உள்ளே காண முடியும். நாடாச் சுருள் கலைந்துவிடாதபடி, சமதளத்தில் வைத்து மேற்பாதியை மட்டும் மெல்ல எடுத்தல் வேண்டும். விலைமதிப்பற்ற பதிவுள்ள பேழையில் இத்தேர்வைப் பழகிப் பார்க்கலாகாது.

உள்ளே முதலில் தென்படுவது நாடாச் சுருளின் மேலும் கீழும் உள்ள மெல்லிய வழுக்குத் தாள்கள். நல்ல பேழையில் இவை காரீயகம் பூசிய கரிய படலமாகவோ வழுவழுப்பான பிளாஸ்டிக்காகவோ இருக்கும். சுருளை மெல்ல அணைத்து நிறுத்தும் வகையில் வளைவுகளும் அமைந்திருக்கும். மலிவுக் கூட்டில் வெறுந்தாள் இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. வழுக்குத் தாள் சரியில்லையெனில் சுருள் உராய்ந்து இறுகும், இழுப்பு மாறும், பாடுவோர் குரல் நடுங்குவதுபோல் கேட்கும்.

அடுத்து இரு மூலைகளிலும் உள்ள வழிகாட்டும் உருளைகள். நல்ல பேழையில் இவை உலோக முளையின்மேல் தடையின்றிச் சுழலும். மலிவானவற்றில் உருளை கோணி நிற்கும். அல்லது சுழலாத பிளாஸ்டிக் முளையே உருளைக்குப் பதிலாக இருக்கும். நாடாவின் ஓரம் நைவது இங்கேதான்.

மூன்றாவது, நாடாவை ஒலிமுனையோடு சேர்த்து அழுத்தும் பட்டை. மக்கள் ‘ஹெட்’ என்று வழங்கும் ஒலிமுனையில் நாடா ஒட்டி ஓடினால்தான் நுண்ணொலிகள் பதியும். நல்ல பேழையில் செம்புக் கலவைத் தட்டைவில்லின் மீது கம்பளித் துண்டு ஒட்டப்பெற்றிருக்கும். மலிவானதில் சிறு பஞ்சுறைத் துண்டு ஒன்று மட்டும் இருக்கும். ஆண்டுகள் செல்ல அது பொடியாய் உதிர்ந்துவிடும். பட்டைக்குப் பின்னால், வெளிக் காந்தத் தாக்கத்தைத் தடுக்கும் சிறு உலோகத் தகடு உண்டு. செலவைக் குறைப்போர் இதனை விட்டுவிடுவதும் உண்டு.

இறுதியாக நாடா. நாடாவின் பூச்சுப் பக்கம் கறையும் வரியும் இன்றி ஒரே சீராக இருத்தல் வேண்டும். இரும்பு ஆக்சைடு நாடா பழுப்பு நிறத்ததாகவும், குரோம், உலோக வகைகள் பெரும்பாலும் கருமை சார்ந்தனவாகவும் இருக்கும். நிறத்தைத் துணைச் சான்றாகக் கொள்ளலாமே அன்றி முடிவாகக் கொள்ளலாகாது. சுருளின் பக்கவாட்டு முகம் தட்டுப்போல் சமமாக இருத்தல் வேண்டும். அங்கங்கே இழைகள் மேலெழுந்து படிபடியாய்த் தோன்றினால் நாடா சரியாக அறுக்கப்படவில்லை, அல்லது சரியாகச் சுற்றப்படவில்லை என்பது பொருள்.

செவித்தேர்வு

கண்ணை ஏமாற்றும் போலியும் செவியிடம் அகப்படும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. நல்ல நிலையிலுள்ள ஒரு பதிவுக் கருவியும் பொறுமையும் போதும்.

முதலாவது, வெறுமைத் தேர்வு. புதிதாக வாங்கிய பேழையைப் பதியாமலே ஓட்டிக் கேட்க வேண்டும். மெல்லிய சீறல் அன்றி வேறொன்றும் கேட்கலாகாது. பழம்பாட்டின் எச்சமோ இடையில் சிறு தட்டொலியோ கேட்டால் அது முன்னரே பயன்பட்ட நாடா.

இரண்டாவது, காலத் தேர்வு. ஒரு பக்கம் முழுவதும் ஓட எத்தனை நிமிடமாகிறது என்று கடிகாரம் வைத்துக் காண வேண்டும். கருவியின் வேகம் நூற்றுக்கு ஒன்று மிகுந்திருந்தால் 30 நிமிடத்தில் 18 நொடி குறையும். நூற்றுக்கு மூன்று மிகுந்திருந்தாலும் ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட குறைவே நேரும். ஆகவே சி-60 பேழை 27 அல்லது 28 நிமிடத்தில் முடிந்தால் குற்றம் கருவியுடையதன்று, பேழையுடையதே.

மூன்றாவது, சீறல் தேர்வு. வானொலிப் பெட்டியின் பண்பலை வரிசையில் இரு நிலையங்களுக்கு இடையே கேட்கும் இரைச்சலில் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எல்லாம் கலந்துள்ளன. அதனைத் தாழ்ந்த அளவில் பதிந்து, மூலத்தையும் பதிவையும் மாறிமாறிக் கேட்க வேண்டும். நல்ல நாடாவில் இரண்டும் மிக நெருங்கியிருக்கும். போலியில் இரைச்சலின் கூர்மை மழுங்கி, கம்பளி போர்த்தியதுபோல் ஒலிக்கும்.

நான்காவது, சுருதித் தேர்வு. தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ மூன்று நிமிடம் இடைவிடாது ஒலிக்கச் செய்து பதிய வேண்டும். மாறாத ஒலியில் சிறு மாற்றமும் வெளிப்படும். சுருதி மேலும் கீழும் அசைந்தால் கூட்டின் உறுப்புகளில் குறை; ஒலி இடையிடையே இமைப்பொழுது மங்கி மீண்டால் பூச்சில் குறை. வேகமான திரைப்பாட்டில் மறைந்துவிடும் இக்குறைகள் சுருதியில் மறையா.

ஐந்தாவது, தரத் தேர்வு. குரோம் என்று விற்ற பேழையை, வகையைக் கையால் மாற்றும் வசதியுள்ள கருவியில் இருமுறை பதிய வேண்டும். ஒருமுறை சாதாரண நிலையிலும் மறுமுறை குரோம் நிலையிலும். குரோம் நிலையில் ஒலி மங்கிச் சாதாரண நிலையில் தெளிந்தால், உள்ளே இருப்பது இரும்பு ஆக்சைடே.

ஆறாவது, பஞ்சுத் தேர்வு. ஒலிமுனையைச் சாராயம் தோய்ந்த பஞ்சால் துடைத்துத் தூய்மை செய்து, பேழையின் ஒரு பக்கத்தை முழுதும் ஓட்டி, மீண்டும் வெண்பஞ்சால் துடைக்க வேண்டும். சிறு கறை இயல்பே. பழுப்புப் பொடி தடிப்பாக ஒட்டினால் நாடாவின் பூச்சு உதிர்கிறது. பதிந்த குரலைத் தாங்கியிருப்பது அப்பூச்சுதான் என்பதை நினைவில் கொள்க.

மயக்கம் தரும் நம்பிக்கைகள்

மக்களிடையே வழங்கிய சில அடையாளங்கள் உண்மையில் அடையாளங்கள் அல்ல. ‘ஐந்து திருகாணி உள்ளதே அசல்’ என்பது அவற்றுள் ஒன்று. முன்னணி நிறுவனங்களே திருகாணியின்றி ஒட்டிய கூடுகளை ஏராளமாக விற்றுள்ளன. போலி செய்வோர் திருகாணிக் கூடுகளையும் பயன்படுத்தினர். ‘ஜப்பானில் செய்தது’ என்னும் பொறிப்பே சான்று என்பது மற்றொன்று. டிடிகே நிறுவனத்துக்கு லக்சம்பர்க்கிலும் அமெரிக்காவிலும், சோனிக்கு அமெரிக்காவின் டோதன் நகரிலும் நாடா ஆலைகள் இருந்தன. எனவே வேறு நாட்டுப் பெயர் இருப்பதாலேயே பேழை போலியாகிவிடாது; ஜப்பான் என்றிருப்பதாலேயே மெய்யாகிவிடாது. போலிக்காரர் முதலில் பொறிப்பது அப்பெயரைத்தானே! ‘கனமான பேழை நல்லது’ என்பதும் முழுமையாகப் பொருந்தாது. எடையைக் கூட்டுதல் எளிது. ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு செய்யாமல், புறமும் அகமும் செவியும் ஒருமித்துச் சொல்வதையே கொள்ளுதல் தகும்.

விலை குறைந்த, பெயர் பெறாத பேழைகள் எல்லாம் போலியல்ல என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்டு குறைந்த விலைக்கு விற்ற உள்நாட்டுப் பேழை, தரத்தில் தாழ்ந்ததாயினும் நேர்மையானது. பிறர் பெயரைப் பூண்டு உயர்ந்த விலைக்கு விற்றதே பொய்.

இன்று ஏன் இவ்வறிவு?

டிடிகே நிறுவனம் 2007இல் தன் பதிவு ஊடக வணிகத்தை அமெரிக்காவின் இமேஷன் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சோனி 2010இல் ஜப்பானில் பேழை வாக்மன் உற்பத்தியை நிறுத்திற்று. எனினும் பேழை முற்றும் மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் நேஷனல் ஆடியோ கம்பெனி போன்ற சில நிறுவனங்கள் புதிதாக இரும்பு ஆக்சைடு நாடாப் பேழைகளைச் செய்கின்றன. பழைய உயர்தரப் பேழைகளை உறை பிரியாத நிலையில் தேடி, மிகுந்த விலை கொடுத்து வாங்குவோரும் உளர். விலை ஏறும்போது பழைய போலிகளும் மெய்யோடு கலந்து மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. பழமை என்பது மெய்ம்மைக்குச் சான்றாகாது. முப்பதாண்டுக்கு முற்பட்ட போலியும் போலியே.

வாங்குவோர் இழப்பது பணம். பதிந்து வைத்தோர் இழப்பதோ மீண்டும் கிட்டாத குரல். காந்த நாடாக்களில் உள்ள பதிவுகளை ஓட்டிக் கேட்கும் கருவிகளும் உதிரி உறுப்புகளும் அருகி வருவதை உணர்ந்து, யுனெஸ்கோவும் அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019இல் உலக அளவில் ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே மேற்கொண்டன. பெரிய காப்பகங்களின் நிலையே இதுவாயின், நம் இல்லத்து அலமாரியின் நிலை என்ன?

இல்லத்தில் நூறு பேழைகள் இருந்து, சிலவற்றையே உடனே கணினிக்கு மாற்ற இயலுமெனில் எதை முதலில் எடுப்பது? வேறெங்கும் கிட்டாத பதிவா என்பது முதல் வினா. போலி நாடாவா என்பது இரண்டாம் வினா. திரைப்பாட்டை மீண்டும் பெறலாம். பாட்டியின் குரலைப் பெற முடியாது. அக்குரல் பதிந்திருப்பது போலிப் பேழையாயின், அதுவே வரிசையில் முதலில் நிற்க வேண்டும்.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. போலிப் பேழையில் முதலில் கெடுவது பெரும்பாலும் நாடா அன்று, கூடு. பட்டை உதிர்ந்து ஒலி மங்கியிருந்தாலும், உருளை சிக்கி ஓடாமல் நின்றாலும், குரல் அழிந்துவிட்டதெனக் கருதி எறிந்துவிடலாகாது. அந்நாடாவை எடுத்து, திருகாணியிட்ட நல்லதொரு கூட்டுக்குள் மாற்றினால் குரல் மீளும் வாய்ப்பு மிகுதி. கோணலான கூட்டில் பதிந்த நாடா நேரான கூட்டில் சற்று மங்கிக் கேட்கலாம். அப்பொழுது அனுபவமுள்ளவர் ஒலிமுனையின் சாய்வைத் திருகாணியால் சிறிதே மாற்றி, ஒலி மிகத் தெளியும் இடத்தில் நிறுத்துவர். கணினிக்கு மாற்றும்போது குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்கப்படாத கோப்பாகப் பதிவது காப்பகங்கள் ஏற்றுக்கொண்ட முறை. பின்னர் அக்கோப்பை இரண்டு மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மாற்றிய பிறகும் மூலப் பேழையை எறியாமல், வெயிலும் ஈரமும் காந்தமும் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்தல் நன்று.

முடிவுரை

ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த அறிஞர்களால் நம் இலக்கியம் நமக்குக் கிடைத்தது. கரையானும் நெருப்பும் வெள்ளமும் கொண்டவை போக எஞ்சியவற்றையே நாம் இன்று பயில்கிறோம். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் மக்களின் பேச்சும் பாட்டும் ஒப்பாரியும் தாலாட்டும் பதிவானது சுவடியில் அன்று, ஒலிநாடாவில். வட்டார வழக்கை ஆராயப் புகும் தமிழ் மாணவர்க்கு, அயலூரிலிருந்து மகன் அனுப்பிய குரற்கடிதம் ஒன்று எந்த அச்சு நூலும் தராத சான்றுகளைத் தரும். அவற்றுள் எத்தனை மெய்யான நாடாவில் உள்ளன, எத்தனை போலியில் உள்ளன என்பதை அவரவர் இல்லத்தில் அவரவரே அறிய இயலும்.

எனவே விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் ஒரு நாளேனும் அலமாரியைத் திறந்து, பேழைகளை வெளியே எடுத்து, முகத்தாளில் உள்ள கையெழுத்தைப் படித்து, யார் குரல் எதிலுள்ளது என்று முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பின் இங்குக் கூறிய தேர்வுகளில் புறத்தேர்வை மட்டுமேனும் செய்து, ஐயத்துக்குரியவற்றைத் தனியே பிரித்து, அவற்றை முதலில் கணினிக்கு மாற்றுதல் வேண்டும். பெயரைப் பொய்யாகப் பொறித்தவன் செய்த பிழைக்கு, உள்ளே பேசியவரின் குரல் பலியாக வேண்டியதில்லை. பேழை போலியாயினும் அதனுள் உள்ள குரல் மெய்.